டயசோ வேலையை ரியாக்டரிலிருந்து குழாய்க்கு மாற்ற நினைப்பவர்களுக்கு

எங்களுடையது சிறிய ஆலை. சாய இடைப்பொருள் செய்கிறோம். 1,000 லிட்டர் கிளாஸ் லைன்டு ரியாக்டர் ஒன்றில் பல வருடமாக டயசோடைசேஷன் நடந்துவந்தது, அதாவது அமீன் என்ற மூலப்பொருளை, சாயம் செய்யத் தேவையான, எளிதில் சிதையும் டயசோனியமாக மாற்றும் வினை. அமீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பிரைன் (குளிர்ந்த உப்புநீர்) ஓட்டி 5 டிகிரிக்குக் கீழே இறக்கி, சோடியம் நைட்ரைட் கரைசலை ஐந்து மணி நேரம் மெல்ல மெல்ல விடுவோம். ஒருநாள் இரவு ஷிஃப்டில் சில்லர் நின்றுவிட்டது. வெப்பநிலை 11 டிகிரி வரை ஏறியது. ஐஸ் கொட்டி, தண்ணீர் விட்டு, எல்லாவற்றையும் கொன்று கழிவுத் தொட்டிக்கு அனுப்பினோம். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்ச் போனது. மறுநாள் காலையில்தான், மொத்தமாக ஒரே பாத்திரத்தில் செய்யாமல் குழாயில் ஓடவிட்டுச் செய்யும் தொடர் ஓட்ட முறையைப் பற்றி உட்கார்ந்து பேசினோம்.

மாற்றி முடிக்க 16 மாதம் ஆயிற்று. எங்கே எங்கே நேரம் போனது என்று இப்போது தெரிகிறது. அது முன்னமே தெரிந்திருந்தால் 10 மாதத்தில் முடித்திருப்போம். அந்த ஆறு மாதத்தை நீங்கள் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் எளிது. அமீன் கரைசலுக்கு ஒரு பம்பு, நைட்ரைட் கரைசலுக்கு ஒரு பம்பு. இரண்டும் ஒரு கலப்பானில் சந்தித்து, சுருள் குழாய் வழியே ஓடி, மறுமுனையில் டயசோனியமாக வெளியே வருகின்றன. குழாயின் கொள்ளளவை ஓட்ட வேகத்தால் வகுத்தால் வருவது தங்கும் நேரம். 10 மில்லி குழாய், நிமிடத்துக்கு 10 மில்லி ஓட்டம் என்றால் ஒரு நிமிடம்.

1. உங்கள் வினை குழாய்க்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள்

மூன்று கேள்விகள் போதும். வினை சில நிமிடங்களில் முடியக்கூடியதா? சூடோ ஆபத்தோ அதிகமா? திடப்பொருள் இல்லாமல் ஓடுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் மேலே போகலாம். 12 மணி நேரம் கொதிக்க வேண்டிய வினையையும், கூழாக நிற்கும் வினையையும் இருக்கிற ரியாக்டரிலேயே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் குழாய்க்கு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் ஆலையில் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரே ஒரு படியைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். நைட்ரேஷன், ஹைட்ரஜனேஷன், அசைடு வேலைகள், டயசோ ஆகியவை வழக்கமாக அப்படிப்பட்டவை.

எங்கள் கணக்கைக் காட்டுகிறேன். ரியாக்டரில் 600 லிட்டர் கரைசல், லிட்டருக்கு 1 மோல் டயசோனியம். அது முழுவதும் சிதைந்தால் மோலுக்கு 24 லிட்டர் வீதம் 14,400 லிட்டர் நைட்ரஜன் வாயு வரும். வெப்பம் வெளியே போக வழியில்லாவிட்டால் கரைசலின் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல் ஏறும். ஏற ஏறச் சிதைவும் வேகம் பிடிக்கும். இதே வேலையைச் செய்யும் குழாயில் ஒரு நேரத்தில் இருப்பது 2 லிட்டர்தான். அது முழுவதும் சிதைந்தாலும் 48 லிட்டர் வாயு. இந்த இரண்டு எண்களையும் முதலாளி முன்னால் வைத்தேன். அதன் பிறகு அவர் வேறு விளக்கம் கேட்கவில்லை.

வெப்பத்தை வெளியேற்றுவதிலும் அதே வித்தியாசம் உண்டு. 1,000 லிட்டர் ரியாக்டரில் ஒரு கன மீட்டர் கரைசலுக்கு 4 அல்லது 5 சதுர மீட்டர் சுவர்தான் கிடைக்கும். 1.6 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் 2,500 சதுர மீட்டர். அதனால்தான் 5 டிகிரியில் செய்துவந்த வேலையை 20, 25 டிகிரியில் ஓட்ட முடிகிறது. எங்களுக்கு பிரைன் தேவையே இல்லாமல் போனது. சாதாரணக் குளிர்நீர் போதும்.

2. எண்களைக் கையில் எடுக்காமல் எதையும் வாங்காதீர்கள்

தேவையான தகவல்கள் நான்கு: சிதைவு வெப்பம், வினை வெப்பம், வினை எவ்வளவு நேரத்தில் முடிகிறது, மூலப்பொருளும் விளைபொருளும் எந்த வெப்பநிலையில் எவ்வளவு கரைகின்றன. கடைசி இரண்டையும் உங்கள் ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். முதல் இரண்டையும் வெளியே கொடுத்துச் செய்வதுதான் சரி. சிதைவு வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி சோதனைக்கு மாதிரி ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். வினை வெப்பத்தை அளக்கும் முழு வினை கலோரிமெட்ரிக்கு எங்களுக்கு ஒன்றரை லட்சம் ஆயிற்று. அறிக்கை கைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. டிஎஸ்சி செய்பவரிடம் உயர் அழுத்தம் தாங்கும், முழுக்க மூடிய கிண்ணத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். சாதாரணக் கிண்ணத்தில் தண்ணீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிவிடும். அதற்குள் சிதைவு வெப்பம் மறைந்துபோகும், அறிக்கையில் 'ஆபத்தில்லை' என்று வரும். எங்கள் முதல் அறிக்கை அப்படித்தான் வந்தது. அடுத்தது, டயசோனியத்தைச் செய்து பார்சலில் அனுப்பக் கூடாது. அமீனையும் நைட்ரைட்டையும் அனுப்பி, அங்கேயே கரைசலாகச் செய்து உடனே அளக்கச் சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் உலர்த்திப் பிரிக்கச் சொல்லாதீர்கள். உலர்ந்த டயசோனியம் உப்பு உரசினாலே வெடிக்கக்கூடியது.

3. மேசை மேல் ஓட்டிப் பாருங்கள்

எங்களுடைய பெரும்பாலான நேரம் போனது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழு அமைப்பாக இறக்குமதி செய்தால் பல லட்சங்கள் ஆகும். எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகள் 40 லட்சத்துக்கு மேல் இருந்தன. தொடக்கத்துக்கு அது வேண்டியதில்லை. 1.6 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிஎஃப்ஏ (அமிலம் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் 5 மீட்டர் வாங்குங்கள், மீட்டருக்கு 2 மில்லி வீதம் 10 மில்லி கிடைக்கும். ஒரு டி வடிவக் கலப்பான், வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள ஒரு தண்ணீர்த் தொட்டி, வெளிவாயில் அழுத்தத்தை 3 முதல் 5 பார் வரை வைக்கக்கூடிய பேக் பிரஷர் ரெகுலேட்டர் ஒன்று, அமிலம் தாங்கும் இரண்டு பம்புகள். எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 9 லட்சத்துக்குள் முடிந்தது. அதில் பெரும்பகுதி பம்புக்குப் போனது.

பம்பு வாங்கும்போது திரவம் படும் பாகங்கள் எதில் செய்தவை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆய்வகப் பம்புகள் பல எஸ்எஸ் 316 என்ற துருப்பிடிக்காத எஃகில் வருகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைக் குழி குழியாக அரித்துவிடும், கரைந்து வரும் உலோகம் டயசோனியத்தின் சிதைவையும் தூண்டும். ஹாஸ்டெல்லாய் சி-276 (நிக்கல் கலப்புலோகம்), பீங்கான், பிடிஎஃப்இ (டெஃப்லான்) என்றால் சரி. பீக் பிளாஸ்டிக்கும் நல்லதுதான். ஆனால் அடர்ந்த நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களுக்கு அது ஆகாது. நைட்ரேஷன் செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பம்பு வந்ததும் ரசாயனத்தைத் தொடாதீர்கள். முதலில் இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரை ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தராசில் பிடித்து எடை பாருங்கள். திரையில் நிமிடத்துக்கு 5 மில்லி என்று இருக்கும், உண்மையில் 4.7 வரும். டயசோவில் இந்தச் சிறு வித்தியாசமே வேலையைக் கெடுத்துவிடும்.

எங்களைப் பெரிதும் வாட்டியது மஞ்சள் அடைப்பு. ஓட்டத் தொடங்கி அரை மணி நேரத்தில் கலப்பானுக்கு அடுத்த குழாயில் மஞ்சள் திடப்பொருள் படிந்து அழுத்தம் ஏறும். அமிலத்தைக் கூட்டினோம், வெப்பத்தைக் கூட்டினோம், குழாயை மாற்றினோம். மூன்று வாரம் போனது. கடைசியில் காரணம் பம்பின் துடிப்பு என்று தெரிந்தது. ஒற்றைப் பிஸ்டன் பம்பு ஒரே சீராகத் தள்ளாது, தள்ளி நின்று தள்ளி நின்று போகும். சராசரி விகிதம் சரியாக இருந்தாலும், நைட்ரைட் பம்பு நிற்கும் அந்தக் கணத்தில் அமீன் மிகையாகிவிடுகிறது. மிகை அமீன் அப்போதுதான் உருவான டயசோனியத்தோடு சேர்ந்து டயசோஅமினோ சேர்மமாகிப் படிகிறது. ரியாக்டரில் சுழலும் கலக்கி எல்லாவற்றையும் கலந்துவிடுவதால் இந்தக் குறை வெளியே தெரியாது. குறுகலான குழாயில் முன்னால் போவதும் பின்னால் வருவதும் பெரிதாகக் கலப்பதில்லை, அதனால் உடனே தெரிகிறது. இரட்டைப் பிஸ்டன் பம்பும் துடிப்புத் தணிப்பானும் போட்டோம். அன்றோடு அடைப்பு நின்றது.

இன்னும் சில பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கரைசல்களையும் பம்புக்கு முன்னால் வடிகட்டுங்கள். நைட்ரைட் கரைசலின் அடர்த்தியை ஒவ்வொரு தடவையும் டைட்ரேட் செய்து பாருங்கள், பையில் அச்சிட்ட தூய்மையை நம்பிப் போகாதீர்கள். ஓட்டம் தொடங்கியதும் வருவதைச் சேர்க்காதீர்கள். தங்கும் நேரத்தைப் போல ஐந்து மடங்கு நேரம் விட்டு, அப்புறம்தான் மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு முன் வருவது நிலையான ஓட்டத்தின் விளைபொருள் அல்ல. வெளிவாயில் ஸ்டார்ச்-அயோடைடு தாள் லேசாக நீலம் காட்ட வேண்டும். ஆழ்ந்த கருநீலம் வந்தால் நைட்ரைட் அதிகம், நிறமே வராவிட்டால் குறைவு. வெளிக்குழாயில் குமிழிகள் தொடர்ந்து வந்தால் டயசோனியம் சிதைகிறது என்று பொருள். வெப்பத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் குழாயின் நீளத்தைக் குறையுங்கள்.

மிக முக்கியமான பொறி ஒன்று இருக்கிறது. வெளியே வரும் டயசோனியத்தை டிரம்மில் பிடித்து வைக்காதீர்கள். பிடித்து வைத்தால் பழைய பேட்சை வேறு பாத்திரத்தில் செய்ததுதான் மிச்சம், ஆபத்து அப்படியே இருக்கும். குழாயின் முனையை நேராக அடுத்த படிக்குள் விட வேண்டும். நாங்கள் கப்ளிங் (டயசோனியம் இன்னொரு பொருளோடு சேர்ந்து சாயமாகும் படி) ரியாக்டரில் காரக் கரைசலைத் தயாராக வைத்து, டயசோனியம் வர வரத் தீர்ந்துபோகும்படி செய்தோம். கப்ளிங்கில் சாயம் திடப்பொருளாக விழுகிறது. அது ரியாக்டரில் நடப்பதால் தொந்தரவு இல்லை. பாதி குழாய், பாதி ரியாக்டர் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் சிறிய ஆலைகளுக்குச் சொல்வேன்.

புணேயில் உள்ள சிஎஸ்ஐஆர்-என்சிஎல் ஆய்வகம் இந்தத் துறையில் பல வருடமாக வேலை செய்கிறது. சந்தேகம் பெரியதாக இருந்தால் அப்படி ஒரு இடத்தை முன்னமே அணுகுவது நல்லது.

4. பசுமையா என்பதை எடை போட்டுப் பாருங்கள்

குழாய்க்கு மாற்றினாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கிலோ விளைபொருளுக்குத் தண்ணீர், கரைப்பான், அமிலம், உப்பு எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ உள்ளே போனது என்று கணக்கிடுங்கள். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஒரே எல்லையை வைத்துக் கணக்கிட வேண்டும். தொடங்கும்போது வீணாவதும், நிறுத்தும்போது கழுவுவதும் அதில் சேர வேண்டும்.

எங்கள் முதல் கணக்கு பழையதைவிட மோசமாக வந்தது. அடைப்பைத் தவிர்க்கத் தண்ணீர் சேர்த்துக் கரைசலின் அடர்த்தியைப் பாதியாக்கியிருந்தோம். அந்தத் தண்ணீர் அத்தனையும் கழிவாகத்தான் போக வேண்டும். ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாத) ஆலை என்றால் ஒவ்வொரு லிட்டரையும் ஆவியாக்கியாக வேண்டும், அதற்கு நீராவிச் செலவு. பம்பின் துடிப்பைச் சரி செய்த பிறகுதான் பழைய அடர்த்திக்குத் திரும்ப முடிந்தது. அறை வெப்பநிலையில் அமீன் உப்பு நன்றாகக் கரைவதும் கைகொடுத்தது. மிகை நைட்ரைட் குறைந்தது, அதைக் கொல்லப் போடும் சல்ஃபாமிக் அமிலமும் குறைந்தது, ஐஸ் போடுவது நின்றது. ஆவியாக்கியில் இறங்கும் உப்பின் அளவு அடுத்த மாதமே குறைந்ததைப் பார்த்தோம். இந்தக் கணக்கைத் தாளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், அனுமதி வாங்கும்போது இதே தாள்தான் தேவைப்படும்.

5. அனுமதிக் கோப்பை இப்போதே தொடங்குங்கள்

இயந்திரம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். நான்கு மாதம் அதில் போனது. மேசைச் சோதனை முடியும்போதே கோப்பைத் திறந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் விளைபொருள் பெயரும் மாத அளவும் எழுதியிருப்பதை எடுத்துப் படியுங்கள். குழாய் 24 மணி நேரமும் ஓடக்கூடியது, ஆனால் இசைவாணையில் உள்ள அளவுக்கு மேல் ஒரு கிலோகூடச் செய்ய முடியாது. அளவு மாறாமல் முறை மட்டும் மாறினாலும் எழுத்தில் தெரிவித்து, திருத்தம் வேண்டுமா என்று கேட்டுப் பெறுங்கள். அளவைக் கூட்டும் எண்ணம் இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய கேள்வியும் வரும். அதற்கு ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் இணையவழிதான். கையில் இருக்க வேண்டியவை: செய்முறை விளக்கமும் ஓட்ட வரைபடமும், பழைய, புதிய முறைகளின் பொருள் சமநிலைக் கணக்கு (உள்ளே போவதும் வெளியே வருவதும்), தண்ணீர்க் கணக்கு, அபாயகரக் கழிவின் அளவு, புதிய இயந்திரங்களின் பட்டியல், ஆலை வரைபடம், நிலையான சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்றிதழ். கட்டணம் அந்தச் சொத்து மதிப்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. எனவே புதிய இயந்திரத்தின் விலையையும் அதில் சேர்க்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. தவறு எங்களுடையது. பொருள் சமநிலைக் கணக்கில் கழுவும் தண்ணீரை விட்டுவிட்டோம், தண்ணீர்க் கணக்கில் சேர்த்திருந்தோம். இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லை.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் திருத்திய வரைபடம் தர வேண்டும். கூடவே ஹேஸாப் (எந்தப் படியில் என்ன தவறலாம் என்ற ஆய்வு) அறிக்கையையும் வைத்தோம். மோட்டார் குதிரைத்திறன் கூடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கரைப்பான் பயன்படுத்துபவர்கள் அந்தப் பகுதியில் வைக்கும் ஒவ்வொரு மின்கருவிக்கும் ஃப்ளேம்ப்ரூஃப் (வெளியே தீப்பற்ற வைக்காது என்ற) சான்றிதழை வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும், பிறகு கேட்டால் வருவதில்லை.

உங்கள் இடைப்பொருள் மருந்துக்குப் போகிறது என்றால் வாங்குபவரின் ஒப்புதலும் தேவை. முறை மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்து மாதிரிகள் அனுப்ப வேண்டியிருக்கும். மருந்து விதிகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச், தொடர் உற்பத்திக்கென கியூ13 என்ற வழிகாட்டுதலை 2022-இல் கொண்டுவந்தது. ஒரு பேட்ச் என்பதை ஓட்டிய நேரத்தாலோ செய்த அளவாலோ வரையறுக்க அது இடம் தருகிறது. இதைப் பற்றி வாங்குபவரோடு முதலிலேயே பேசி முடியுங்கள்.

6. பெரிய குழாய் வாங்குதல்

உள்விட்டம் 6 மில்லிமீட்டர், நீளம் 71 மீட்டர் என்றால் 2 லிட்டர் வரும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டினால் தங்கும் நேரம் அதே ஒரு நிமிடம், 600 லிட்டர் வேலை ஐந்து மணி நேரத்தில் முடியும். ஆனால் ஒரு கன மீட்டருக்கான சுவர்ப் பரப்பு 2,500 சதுர மீட்டரிலிருந்து 670-க்கு இறங்கிவிடும், வெப்பக் கணக்கை மறுபடி போட வேண்டும். பிஎஃப்ஏ வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஹாஸ்டெல்லாய் தேவைப்பட்டது.

பணம் அதிகம் போவது குழாய்க்கு அல்ல, ஃப்ளோமீட்டருக்கு. அமிலம் தாங்கும் கோரியோலிஸ் மீட்டர் (ஓட்டத்தை எடையாக அளப்பது) இரண்டின் விலை பம்புகளின் விலையைத் தாண்டியது. அதில் சிக்கனம் பார்க்காதீர்கள், விகிதம்தான் இங்கே எல்லாமே. விலைப்புள்ளி வாங்கும்போது வரி, சரக்குக் கட்டணம், நிறுவும் கட்டணம், உதிரி சீல்கள் எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். கடைசி 20 சதவீதப் பணத்தை உங்கள் சொந்தக் கரைசலில் எட்டு மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் தருவோம் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். நாங்கள் தண்ணீரில் ஓட்டிக் காட்டியதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதற்குப் பிறகு சீல் கசிவுக்கு ஆள் வரவழைக்க ஆறு வாரம் ஆயிற்று. ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர நான்கு, ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஓட்டத் தொடங்குவதும் நிறுத்துவதும்

ஒரு பம்பு நின்றால் மற்றதும் தானே நிற்கும்படி இணைப்பு கட்டாயம் வேண்டும். நைட்ரைட் நின்றால் வெறும் அமீன் போகும், தரம் கெடும். அமீன் கரைசல் குறைந்து நைட்ரைட் மிகையானால் பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடு புகை வரும். அது மூச்சுக்கு ஆபத்து. வெளிவாயில் மூவழி வால்வு ஒன்றைப் போட்டு, விகிதம் தவறினால் ஓட்டம் சல்ஃபாமிக் அமிலத் தொட்டிக்குத் திரும்பும்படி செய்யுங்கள். தொட்டிக்குள் வாயு வரும், எனவே அதன் வென்ட் ஸ்க்ரப்பருக்கு (வாயுவைக் கழுவும் கருவி) போக வேண்டும். தொடக்கத்தின் முதல் ஐந்து நிமிட ஓட்டத்தையும் அதே தொட்டிக்குத்தான் அனுப்புகிறோம்.

ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மாதம் ஒதுக்குங்கள். பல வருடமாக ரியாக்டர் பார்த்தவருக்கு, கண்ணால் பார்க்க எதுவுமில்லாத குழாயை நம்புவது எளிதல்ல. எங்கள் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் பழக்கத்தில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தார். குழாயில் அரை மணி என்றால் 60 லிட்டர் போய்விட்டிருக்கும். இப்போது முதல் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டார்ச்-அயோடைடு தாள் வைத்துப் பார்க்கிறார்கள், அப்புறம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை.

நிறுத்தும்போது வரிசை இதுதான். முதலில் நைட்ரைட் பம்பைத் தண்ணீருக்கு மாற்றுங்கள், இரண்டு நிமிடம் கழித்து அமீன் பம்பையும் மாற்றுங்கள், பிறகு குழாயின் கொள்ளளவைப் போல ஐந்து மடங்கு தண்ணீர் ஓடட்டும். தாளில் நிறம் வருவது நிற்கும் வரை தண்ணீரை நிறுத்தக் கூடாது. நைட்ரைட் பம்பின் சீலிலும் செக் வால்விலும் உப்பு உறைந்து நின்றால் மறுநாள் பம்பு இழுக்காது, அதற்குத் தனியாக ஒரு கழுவல் வேண்டும். கடைசியாக டார்ச் எடுத்து ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் பாருங்கள். ஈரக் கசிவு தெரிந்தால் காய்வதற்குள் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காய்ந்த படிவைக் கண்டால் சுரண்டவோ ஸ்பேனர் வைக்கவோ கூடாது. தண்ணீரில் நன்றாக ஊறவைத்துவிட்டு, பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.